எல்லையில் ரயில் ஏன் மணிக்கணக்கில் நிற்கிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து பைக்கால் வரை

லாவோஸ் தலைநகர் வியந்தியானையும் சீனாவின் குன்மிங் நகரையும் இணைக்கும் ரயில்பாதை 2021 டிசம்பர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட பிறகு, சிங்கப்பூரில் ஏறினால் போர்ச்சுகல் வரை ரயிலிலேயே போய்ச் சேரலாம் என்று ஒரு வரைபடம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியது. அது சுங்கை சிப்புட்டுக்கும் வந்தது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில், கித்தா (ரப்பர்) தோட்டங்களை நம்பி வளர்ந்து, இன்று செம்பனைக்கு நடுவில் இருக்கும் இந்தப் பேராக் ஊரில் ரயிலைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பழுது பார்த்த கேங்குகளிலும் தென்னிந்தியத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் கிராணிகள் எனப்பட்ட எழுத்தர்களிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் மிகுந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம், பள்ளி முடித்த பிள்ளை ஒருவன், "நம்ம ஸ்டேஷன்ல கெடக்கிற இதே தண்டவாளம்தானே தாத்தா ரஷ்யா வரைக்கும் போகுது?" என்று கேட்டான். "இல்லய்யா, இது வியந்தியானோட நின்னுரும். அங்கேருந்து வேற அகலம்" என்றார் அவர்.

அந்த விடையை விரித்துச் சொல்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஏனென்றால், வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவது, ரஷ்யா வரை பார்த்தாலே, தரையில் மூன்று வெவ்வேறு அகலமுள்ள பாதைகள். தூரமோ குளிரோ இந்தப் பயணத்தைத் தாமதப்படுத்துவதைவிட, நாடுகள் தங்களுக்குள் எதில் ஒத்துப்போயின, எதில் ஒத்துப்போகவில்லை என்பதே அதிகம் தாமதப்படுத்துகிறது. ஒத்துப்போன இடத்தில் எல்லையைக் கடந்ததே தெரியாது. ஒத்துப்போகாத இடத்தில், மைனஸ் 30 பாகையிலும் ரயில் மணிக்கணக்கில் நிற்கும்.

ரயில்பாதையின் அகலம் என்பது இரண்டு தண்டவாளங்களின் உள் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் அது 1,000 மில்லிமீட்டர், சீனாவில் 1,435, மங்கோலியாவிலும் ரஷ்யாவிலும் 1,520. ஒன்றுக்காகச் செய்த சக்கரம் மற்றொன்றில் ஓடாது. சீனாவுக்கும் மங்கோலியாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு 85 மில்லிமீட்டர்தான், ஒரு கை விரல்களைச் சேர்த்து வைத்த அகலத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அந்த 85 மில்லிமீட்டருக்காகத்தான் கோபிப் பாலைவனத்தின் விளிம்பில் ஒரு முழு ரயிலையும் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் ஒத்துப்போன இடத்தைப் பார்ப்போம். சுங்கை சிப்புட் வழியாகச் செல்லும் இரட்டைப் பாதையில் மின்சார ரயில்கள் பாடாங் பெசார் வரை ஓடுகின்றன. அங்கே மலேசியக் குடிநுழைவு அதிகாரிகளும் தாய்லாந்து அதிகாரிகளும் ஒரே நிலையத்தில் இருக்கிறார்கள். ஒரு முகப்பில் வெளியேறும் முத்திரை, அடுத்த முகப்பில் நுழையும் முத்திரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு ரயில் மாறி ஏற வேண்டியதுதான். இந்த எளிமை தானாக வந்ததன்று. பாங்காக்கிலிருந்து வடக்கிலும் வடகிழக்கிலும் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசு முதலில் போட்ட பாதைகள் 1,435 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டனின் மேலாதிக்கத்துக்குப் போயின. அதோடு சேர்ந்து தென்பாதைக்குப் பிரிட்டனின் கடனும் வந்தது. அந்தத் தென்பாதை மலாயாவின் பாதையோடு இணைய வேண்டும் என்பதால் மீட்டர் அகலத்தில் போடப்பட்டு, 1918 ஜூலையில் பாடாங் பெசாரில் இணைந்தது. அதன் பிறகு சயாமுக்குள்ளேயே இரண்டு அகலங்கள் இருந்தன. நடுவே சாவ் பிரயா ஆறு ஓடியது. அகலப் பாதைகளையெல்லாம் மீட்டர் பாதையாக மாற்றும் வேலை 1930-இல்தான் முடிந்தது. இதற்கிடையில் 1927-இல் ஆறாம் ராமா பாலம் ஆற்றின் இரு கரைகளையும் இணைத்தது. இன்று பாடாங் பெசாரில் ஏறுபவர் பாங்காக்கில் மாறி, நோங்காய் வழியாக மேகாங் ஆற்றைக் கடந்து வியந்தியான் வரை ஒரே அகலத்தில் போக முடிவது அந்தப் பழைய முடிவின் பயன்.

அதே ஒத்துப்போதல் இந்தத் தோட்டங்களின் நினைவில் வேறு விதமாகவும் பதிந்திருக்கிறது. மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் மீட்டர் பாதையே இருந்ததால்தான், ஜப்பானிய இராணுவம் 1942-43இல் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட்டு இரண்டையும் இணைக்க முடிந்தது. தோட்டங்களிலிருந்து சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்ட தமிழர்கள் வடக்கே போனது இந்த வழியில்தான். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்து அந்தத் தண்டவாளங்களையும் அங்கே கொண்டுபோனார்கள். எல்லை கடக்கும் ரயில் என்றவுடன் நம் பெரியவர்கள் சிலர் முகம் மாறுவதை இளையவர்கள் இன்பப் பயணத்தைப் பற்றிய ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் ரயில் பல குடும்பங்களுக்கு அதுவாகத்தான் இருந்தது.

வியந்தியானில் மீட்டர் பாதை முடிகிறது. லாவோஸை அண்டை நாட்டோடு இணைக்கும் பயணிகள் ரயில் 2009 வரை இருந்ததில்லை. அந்த ஆண்டு நோங்காயிலிருந்து பாலத்தைக் கடந்து தானாலெங் வரை பாதை வந்தது. பாங்காக்கிலிருந்து வியந்தியானின் கம்சாவாத் நிலையத்துக்கு நேரடி ரயில் 2024 ஜூலையில் தொடங்கியது. ஆனால் சீனப் பாதையின் நிலையம் வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி பிடித்துத்தான் போக வேண்டும். அங்கிருந்து குன்மிங் வரை 1,035 கிலோமீட்டர், பெரும்பகுதி சுரங்கங்களும் பாலங்களுமாக நீளும் மின்சாரப் பாதை. எல்லை தாண்டும் பயணிகள் ரயில் 2023 ஏப்ரல் 13 முதல் ஓடுகிறது. லாவோஸ் பக்கம் போத்தேனிலும் சீனப் பக்கம் மோகானிலும் எல்லாப் பயணிகளும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிச் சோதனையைக் கடந்து மீண்டும் ஏற வேண்டும். குன்மிங்கிலிருந்து பெய்ஜிங் வரை அதிவேக ரயில் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. வசதியான பயணம், எல்லை இல்லாததால் சொல்ல அதிகமில்லை.

சொல்ல வேண்டிய செய்தி எர்லியானில்தான் இருக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து மங்கோலியா செல்லும் ரயில் சீன எல்லையூரான எர்லியானை அடைந்ததும், குடிநுழைவுச் சோதனைக்குப் பிறகு நீண்ட கொட்டகை ஒன்றுக்குள் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு பெட்டியும் தன் முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக, நான்கு சக்கரங்கள் கொண்ட இரண்டு சக்கரத்தொகுதிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, இருபுறமும் உள்ள தூக்கிகளால் உயர்த்துகிறார்கள். அடியில் உள்ள குறுகிய சக்கரத்தொகுதிகள் உருட்டி வெளியே எடுக்கப்படுகின்றன. அகலமானவை உள்ளே வருகின்றன. இதற்காகத் தரையில் இரண்டு அகலத் தண்டவாளங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போடப்பட்டிருக்கின்றன. பிறகு பெட்டியை இறக்கி, பிரேக் இணைப்புகளைப் பூட்டி, மீண்டும் கோக்கிறார்கள். பயணிகள் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கலாம். கழிவறை மட்டும் பூட்டியிருக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் எர்லியானுக்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்வார்கள். சரக்கு ரயில்களில் பெரும்பாலும் இந்தத் தூக்கும் வேலை இல்லை. கொள்கலன்களை ஒரு ரயிலிலிருந்து எடுத்து அடுத்த அகல ரயிலில் வைத்துவிடுகிறார்கள். மனிதர்களை நள்ளிரவில் உறக்கத்திலிருந்து எழுப்பி, மூட்டைகளோடு குளிரில் நடத்தி வேறு ரயிலுக்கு மாற்றுவதைவிடப் பெட்டியைத் தூக்குவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

ரஷ்யா ஏன் இந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு, படையெடுத்து வருபவர்களின் ரயில்கள் உள்ளே நுழையாதிருக்க என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நடந்தது அதைவிடச் சாதாரணமானது. 1840-களில் மாஸ்கோ – செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பாதையை வடிவமைக்கும்போது ஜார்ஜ் வாஷிங்டன் விசுலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆலோசகராக இருந்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அன்று வழக்கிலிருந்த ஐந்தடி அகலமே அங்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் அகலம் வேண்டும் என்ற எண்ணமே உறுதிப்படாத காலம் அது. பிற்காலத்தில் போர்களில் அந்த வேறுபாடு எதிரிகளுக்குத் தடையாக இருந்தது உண்மைதான். ஆனால் விளைவைக் காரணமாகச் சொல்லக் கூடாது. மங்கோலியாவின் குறுக்கே 1950-களின் நடுவில் முடிக்கப்பட்ட பாதை சோவியத் துணையோடு வந்ததால் அதுவும் அதே அகலத்தைப் பெற்றது.

இனி குளிர். சுங்கை சிப்புட்டில் விடியற்காலைத் தண்டவாளத்துக்கும் நண்பகல் தண்டவாளத்துக்கும் ஏறத்தாழ முப்பது பாகை வேறுபாடு இருக்கலாம். சைபீரியாவில் கோடையின் 30 பாகைக்கும் குளிர்காலத்தின் மைனஸ் 40-க்கும் இடையே எழுபது பாகை. எஃகு ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் பன்னிரண்டு பங்கு சுருங்கும் அல்லது விரியும். கட்டுப்படுத்தாமல் விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் நம் ஊரில் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேலும், சைபீரியாவில் ஓராண்டுக்குள் 80 சென்டிமீட்டருக்கு மேலும் நீண்டு சுருங்கும். ஆனால் இன்றைய தண்டவாளங்கள் பற்றவைத்து ஒரே நீளமாக்கப்பட்டவை. கட்டைகளும் கல்லும் அவற்றை நகர விடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீளம் மாற முடியாததால் அந்த விசை முழுவதும் எஃகுக்குள்ளேயே தேங்குகிறது. வெயிலில் அது தண்டவாளத்தை வளைக்கப் பார்க்கும். குளிரில் இழுத்து முறிக்கப் பார்க்கும். நம் கேங்மேன்கள் நண்பகலில் வளைவைத் தேடி நடந்தார்கள் என்றால், சைபீரியப் பணியாளர்கள் ஜனவரி இரவில் முறிவைத் தேடுகிறார்கள். தண்டவாளம் பிரியும் இடங்களில் பனி அடைத்துக்கொள்ளாமலிருக்க மின்சூடும் அழுத்தக் காற்றும் பயன்படுகின்றன. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பும்போது பாதையே மேலெழும்புவதும் உண்டு.

ரயிலின் பிரேக்கும் குளிரில் தொல்லை தரும். ரயில் முழுவதும் ஓடும் குழாயில் அழுத்தக் காற்று நிறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். கடுங்குளிரில் காற்றின் ஈரம் குழாய்க்குள் உறையும். பெட்டிகளுக்கு இடையிலுள்ள ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் விறைத்துக் காற்றைக் கசியவிடும். ரயில் நீளமாக இருந்தால் கடைசிப் பெட்டி வரை அழுத்தத்தைக் காப்பது கடினம் என்பதால், கனடாவில் கடுங்குளிர் நாட்களில் சரக்கு ரயில்களின் நீளத்தையே குறைக்கிறார்கள். இந்த ஊருக்கு மிக நெருக்கமான செய்தி இங்கேதான் இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்கள் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) கண்ட அந்த வெள்ளைப் பால், ரப்பராகிக் குளிர்நாட்டுக்குப் போனதும் வேறு குணம் காட்டும். இயற்கை ரப்பர் கண்ணாடி போல நொறுங்கும் நிலையை அடைவது ஏறத்தாழ மைனஸ் 70 பாகையில். ஆனால் மைனஸ் 25-ஐ ஒட்டிய குளிரில் நெடுநேரம் கிடந்தால் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகி இறுகிவிடும். குளிர்காலக் கிடங்கில் கிடந்த ரப்பர்க் கட்டிகளை ஆலைக்குள் விடுவதற்கு முன் சூடேற்றி இளக்க வேண்டியிருப்பது இதனால்தான். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துவது இந்தப் படிகமாதலை மந்தப்படுத்துகிறது. கடுங்குளிருக்கான பொருட்களில் செயற்கை ரப்பரும் கலக்கிறார்கள். தோட்டத்தில் பாடுபட்டவர்கள் தங்கள் பொருள் எந்தக் குளிரில் என்ன ஆயிற்று என்று அறியும் வாய்ப்பைப் பெற்றதில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளாவது அறிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் நிலைமை நேர்மாறானது. சீனாவிலிருந்து மாஸ்கோ சென்ற பெட்டிகளிலும் ரஷ்யப் பெட்டிகள் பலவற்றிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கொதிகலன் இருக்கிறது. பெட்டிப் பணியாளர் அதில் நிலக்கரி போட்டு எரிக்க, சுடுநீர் பெட்டி நெடுகிலும் குழாய்களில் சுற்றி வருகிறது. ரஷ்யாவின் மின்மயப் பாதைகளில் எஞ்சினிலிருந்து வரும் 3,000 வோல்ட் மின்சாரத்தாலும் அதே நீரைச் சூடாக்கலாம். மின்சாரம் இருந்தும் நிலக்கரியை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். மங்கோலியாவில் டீசல் எஞ்சின்தான் ஓடுகிறது. எல்லைகளில் எஞ்சினே இல்லாமல் பெட்டிகள் மட்டும் நிற்கும் நேரமும் உண்டு. அப்போது வெப்பம் நின்றால் முதலில் குழாய் நீர் உறைந்து வெடிக்கும். பிறகு அந்தப் பெட்டியை வழியில் சரிசெய்ய முடியாது. தனித்தனி அடுப்பு என்பது பழைமை அல்ல, பாதுகாப்பு. நிறுத்தங்களில் பணியாளர்கள் கோடரியும் இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு இறங்கி, பெட்டியின் அடியில் தொங்கும் பனிக்கட்டியைத் தட்டி உடைப்பதைக் காணலாம்.

பயணிக்கு இதனால் கிடைப்பது இருபது பாகைக்கு மேல் இதமான அறையும், நடைபாதையின் கோடியில் எந்நேரமும் கொதிநீரும். மைலோவும் மேகியும் எடுத்துப் போகும் மலேசியப் பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். உணவுப் பெட்டி ஒவ்வொரு எல்லையிலும் கழற்றப்பட்டு அந்தந்த நாட்டின் பெட்டி இணைக்கப்படுவதால், மரக்கறி மட்டும் உண்பவர்கள் மங்கோலியப் பகுதிக்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. உள்ளே மெல்லிய சட்டை போதும். ஆனால் உலான்பாத்தரில் ஜனவரி இரவு மைனஸ் 30-ஐத் தொடும் என்பதால், ஐந்து நிமிடம் இறங்குவதற்கும் தொப்பியும் கையுறையும் வேண்டும்.

மங்கோலியாவைக் கடந்து ரஷ்யாவின் உலான் உதேயில் பெரும்பாதையோடு சேரும் ரயில், அதன் பிறகு பைக்கால் ஏரியின் தென்கரையை ஒட்டி மணிக்கணக்கில் ஓடுகிறது. 1,642 மீட்டர் ஆழமுள்ள, உலகிலேயே ஆழமான ஏரி அது. ஜனவரியில் உறைந்து மே வரை பனிக்கட்டியாகக் கிடக்கும். 1891-இல் தொடங்கிய சைபீரியப் பாதை இரு பக்கமிருந்தும் ஏரியை எட்டியபோது, கரையின் பாறைகளைக் குடையும் வேலை முடிந்திருக்கவில்லை. இங்கிலாந்தில் செய்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிய பனியுடைப்புக் கப்பல் ரயில் பெட்டிகளைச் சுமந்து ஏரியைக் கடந்தது. 1904-இல் ஜப்பானோடு போர் மூண்டபோது ஏரி கப்பலும் நகர முடியாதபடி உறைந்திருந்தது. இரயில்வேத்துறை பனிக்கட்டியின் மேலேயே தண்டவாளம் போட்டது. முதலில் சோதித்த எஞ்சின் பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. அதன் பின் பெட்டிகளைக் குதிரைகளைக் கொண்டு இழுத்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் கரைப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. மாஸ்கோவிலிருந்து விளாடிவஸ்டாக் வரை 9,288 கிலோமீட்டர் நீளும் அந்தப் பெரும்பாதை முழுவதும் மின்மயமானது 2002-இல்தான்.

நேரமும் ஒத்துப்போக வேண்டிய ஒன்று. ரஷ்யாவில் எந்த ஊரில் ஏறினாலும் டிக்கெட்டில் மாஸ்கோ நேரமே அச்சிடப்பட்டிருந்தது; ஐந்து மணி நேர வேறுபாடுள்ள இர்குட்ஸ்க்கில் இதனால் ரயிலைத் தவறவிட்டவர்கள் பலர். 2018 ஆகஸ்ட் முதல் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டார்கள். பழைய பயண நூல்களை வைத்துத் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, அகலம் ஒன்றாக இருந்தும் ரயில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மங்கோலியாவின் சுக்பாத்தரும் ரஷ்யாவின் நௌஷ்கியும் ஒரே பாதையின் அடுத்தடுத்த எல்லையூர்கள். தூக்க வேண்டிய பெட்டி எதுவும் இல்லை. ஆனால் இரு நாட்டு அதிகாரிகளும் தனித்தனியே ஏறி, கடப்பிதழ்களை வாங்கி, படுக்கையின் அடியையும் கூரையின் அறைகளையும் திறந்து பார்த்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். பாடாங் பெசாரில் ஒரே கட்டடத்தில் முடியும் வேலைதான் இது. வேறுபாடு எஃகில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது.

பெய்ஜிங்கிலிருந்து மாஸ்கோவுக்கு மங்கோலியா வழியாக 7,600 கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ ஆறு நாள் ஓடிய நேரடிப் பயணிகள் ரயில் 2020-இல் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டது. மாஸ்கோவிலிருந்து பாரிஸுக்கு ஓடிய ரயிலும் அதே ஆண்டில் நின்றது. அதே தண்டவாளத்தில் எர்லியான் வழியாகச் சரக்கு ரயில்கள் தொடர்ந்து ஓடின. ஆகவே சுங்கை சிப்புட்டிலிருந்து வடக்கே குளிர்காலத்தில் போக நினைப்பவர்கள், முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டைத் தேடாமல், பாடாங் பெசார், வியந்தியான், குன்மிங், எர்லியான் என்று ஒவ்வொரு துண்டையும் புறப்படும் மாதத்தின் கால அட்டவணையோடு தனித்தனியே சரிபார்த்து, அகலம் மாறும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாளை ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். சீனாவுக்குள் நுழைய மலேசியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. அதற்கு அப்பாலுள்ள நாடுகளின் நுழைவு விதிகளை மட்டும் டிக்கெட் வாங்குவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.